ஒரு தாய் ஏன் வேறு வக்கீல் கேட்டார்?

தமிழ்நாட்டின் செஷன்ஸ் நீதிமன்றங்களிலும் வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றங்களிலும் அரசுத் தரப்பில் நிற்கும் வழக்கறிஞர்களுக்கு,



ஊரறிந்த கொலை வழக்கு விசாரணைக்கு வரும் நாளில், நீதிமன்ற வாசல் டீக்கடையில் சற்று நேரம் நின்று கேட்டுப் பாருங்கள். எதிரித் தரப்பு வக்கீலைப் பற்றி அங்கே யாரும் குறை சொல்வதில்லை. தன் கட்சிக்காரருக்காகப் பேசுவது அவர் தொழில் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்செல்லாம் உங்களைப் பற்றியும் நீதிபதியைப் பற்றியும்தான். ‘பி.பி.யைச் சரிக்கட்டிட்டாங்களாம்’ என்பார் ஒருவர். ‘பி.பி. ஒழுங்கா கேட்டாத்தானே சாட்சி ஒழுங்கா சொல்லுவான், ஜட்ஜு என்ன பண்ணுவாரு’ என்பார் இன்னொருவர். ‘எல்லாம் மேலிடத்துல பேசி முடிச்சாச்சு’ என்று மூன்றாமவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

மேற்கு மாவட்ட நீதிமன்றங்களில் செய்தியாளனாக உட்கார்ந்து இந்தப் பேச்சைப் பல காலமாகக் கேட்டு வருகிறேன். உங்களில் சிலர் இதைப் படிக்காதவர்களின் வம்பு என்று ஒதுக்குகிறீர்கள். சிலர் நீதிமன்ற அவமதிப்பு என்று கோபப்படுகிறீர்கள். இரண்டுமே தவறு என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. மக்கள் தங்கள் கண்ணால் கண்டதை வைத்துத்தான் அந்த முடிவுக்கு வருகிறார்கள்.

கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்வோம். உங்களில் அதை அறியாதவர் இருக்க முடியாது. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தன் தோழியுடன் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டும்படி எல்லாம் செய்து வைக்கப்பட்டிருந்தது. முதல் எதிரியான யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேச்சுகளை வெளியிட்டார். அவை ஊர் ஊராகப் பரவின. வழக்கைப் புலனாய்வு செய்துகொண்டிருந்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அந்த ஆண்டு செப்டம்பரில் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அக்டோபரில் யுவராஜ் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் வந்து சரணடைந்தபோது அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

இந்தச் சூழ்நிலையில் நாமக்கல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்குகிறது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்கிறார்கள். கொல்லப்பட்டவரின் தாய் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகிறார். அவர் கேட்டது இரண்டு. அரசுத் தரப்பில் நம்பிக்கையான ஒரு வழக்கறிஞர் வேண்டும், வழக்கு இந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போக வேண்டும். மகனைக் கொன்றவர்களுக்கு எதிராக வழக்கு நடத்துவது அரசு. அந்த அரசு அமர்த்திய வழக்கறிஞர் தனக்காக நிற்கிறார் என்று அந்தத் தாயால் நம்ப முடியவில்லை. உங்கள் துறையில் உள்ள ஒவ்வொருவரும் அந்த மனுக்களை ஒரு முறையாவது படிக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் பாடமாக வைத்தாலும் தகும்.

அவர் கேட்டது கிடைத்தது. வழக்கு மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. மூத்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, 5 பேர் விடுவிக்கப்பட்டார்கள். 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இருவருக்குத் தண்டனையைக் குறைத்தது, ஐவர் விடுதலையை அப்படியே ஏற்றது. அதே குற்றம், அதே புலனாய்வு, அதே குற்றப்பத்திரிகை. மாறியவை ஊரும் அரசுத் தரப்பில் எழுந்து நின்ற ஆளும்தான். டீக்கடைப் பேச்சு அடிப்படையில்லாதது என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வீர்கள்?

பிறழ் சாட்சி பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அந்த வழக்கின் முக்கியச் சாட்சி, கோகுல்ராஜோடு கோயிலுக்குப் போன அந்தத் தோழி. மாஜிஸ்திரேட் முன்னிலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின் கீழ் வாக்குமூலம் கொடுத்தவர். விசாரணையில் மாறிச் சொன்னார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் வரவழைத்தது. கோயிலின் சிசிடிவி பதிவைத் திரையில் காட்டி நீதிபதிகள் கேட்டபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றே சொன்னார். நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாடே அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தது. நான் அந்த வரிசையில் நிற்க மாட்டேன். குற்றம் நடந்ததற்கும் கூண்டேறியதற்கும் இடையே ஆண்டுகள் ஓடின. அத்தனை காலமும் அவர் அதே ஊர்ப்பக்கத்தில், அதே சாதிக்குள், அதே உறவுகளுக்கு நடுவில்தான் வாழ்ந்தார். அவரைப் போல ஒருவர் தைரியமாக நின்று சொல்ல அரசு என்ன செய்து வைத்திருந்தது? சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்ற ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்று நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னதே 2018 டிசம்பரில்தான். அதற்குப் பிறகும் எத்தனை சாட்சிகளுக்காக நீங்களாகவே விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள்?

சாட்சிகள் நீதிமன்றத்துக்கு வரும் நாளை நான் பார்ப்பது இப்படி. சம்மனைக் காவலர் முந்தைய நாள் சாயங்காலம் கொடுத்திருப்பார். கூலி வேலைக்குப் போகும் பெண் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எதிரிகள் கார்களில் வந்து இறங்குவார்கள். கூடவே வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரு கூட்டம். அவர்கள் அந்தப் பெண்ணின் எதிரிலேயே நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. எதிரித் தரப்பு வக்கீலின் ஜூனியர் அவரை அடையாளம் கண்டு, என்னம்மா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போவார். அரசு வழக்கறிஞர் யார் என்றே அவருக்குத் தெரியாது. டவாலி பெயரைக் கூப்பிட்டு உள்ளே போனதும், கட்டைப் புரட்டிக்கொண்டே ஒருவர் ‘நீதானே அ.சா. மூணு?’ என்று கேட்கும்போதுதான் இவர் நம்ம ஆள் போலிருக்கிறது என்று புரிகிறது. அந்த அறிமுகம் நடந்த ஐந்து நிமிடத்துக்குள் சீஃப், அதாவது முதல் விசாரணை, முடிந்துவிடும்.

கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, அன்றே நடந்தால் பரவாயில்லை. எதிரித் தரப்பு வாய்தா கேட்கும், நீங்கள் ஆட்சேபிக்க மாட்டீர்கள், நீதிபதி அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். சீஃபுக்கும் கிராஸுக்கும் நடுவே ஓடும் நாட்களில்தான் வழக்கு விலை போகிறது. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு லஞ்ச வழக்கில், சீஃபுக்கும் கிராஸுக்கும் இடையே 20 மாத இடைவெளி விட்டதை 2015-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கூடுமானவரை அதே நாளில் கிராஸையும் முடிக்க வேண்டும் என்று கீழ்நீதிமன்றங்களுக்கு நினைவூட்டியது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்தாவை எதிர்த்து எழுந்த அரசு வழக்கறிஞர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுந்து நின்ற நாளில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் மாறியதையும் பார்த்திருக்கிறேன். ஆட்சேபணை தள்ளுபடியானாலும் கூட, நமக்காக ஒருவர் கேட்டார் என்ற செய்தி அன்று இரவே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. வழக்குக் கட்டு விசாரணைக்கு முந்தைய நாள்தான் கைக்கு வருகிறது. புலனாய்வு அதிகாரி மாறுதலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பார். தடயவியல் அறிக்கை வந்திருக்காது. ஒரே நாளில் நான்கைந்து வழக்குகள். உதவியாளர் கிடையாது. உங்களில் பெரும்பாலோர் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனால் வெளியே நின்று பார்ப்பவருக்கு அசட்டையாகக் கைவிட்ட வழக்கும் காசுக்கு விற்ற வழக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாது, அழைக்க வேண்டிய சாட்சி அழைக்கப்படமாட்டார், கடைசியில் எதிரிகள் மாலையோடு வெளியே வருவார்கள். அந்த வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமை பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. அதைக் காட்ட வேண்டியவர்கள் நீங்கள்.

நியமனத்தில் தொடங்குகிறது பாதிச் சந்தேகம். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வருகிறார்கள். கொலை, வன்கொடுமை, பாலியல் வன்முறை போன்ற பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ, ஆட்சி மாறினால் பி.பி. மாறுகிறார். யார் எந்தக் கட்சியின் வழக்கறிஞர் அணியில் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கலந்தாலோசனையைக் கழற்றிவிடும் மாநிலத் திருத்தங்கள் கூடாது என்று சொல்லவே சட்ட ஆணையம் 2006-இல் தனியாக ஓர் அறிக்கை எழுதியது, அதன் 197-ஆவது அறிக்கை. கட்சிச் சார்பு இருப்பதாலேயே ஒருவர் கெட்ட வழக்கறிஞர் ஆகிவிடமாட்டார், அப்படிப்பட்ட திறமைசாலிகளை எனக்குத் தெரியும். ஆனாலும் எதிரி ஆளுங்கட்சிக்கு வேண்டியவராக இருக்கும்போது, ஆளுங்கட்சி நியமித்தவர் எதிரே நின்று முழு பலத்தோடு வாதாடுவார் என்று ஒரு கூலித் தொழிலாளியை நம்பச் சொல்வது பெரிய கோரிக்கை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அமர்த்தித் தரலாம் என்று இருக்கிறது. அந்த விதி இருப்பதைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நீங்களே முதல் நாள் சொல்லிவிட்டால் உங்கள் கௌரவம் குறைந்துவிடாது. ஏறும்.

அரசுத் தரப்பே வழக்கைக் கவிழ்க்கும் என்பது கற்பனையா? குஜராத்தின் வதோதராவில் 2002 மார்ச் 1 அன்று பெஸ்ட் பேக்கரிக்குத் தீ வைக்கப்பட்டு 14 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் விரைவு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 21 பேரையும் விடுவித்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணையை மாநிலத்துக்கு வெளியே மகாராஷ்டிரத்துக்கு அனுப்பியது. அரசு வழக்கறிஞர் உண்மையை வெளிக்கொணர்வதை விட்டு எதிரித் தரப்பு வக்கீலைப் போல நடந்துகொண்டதாக உச்ச நீதிமன்றமே எழுதியது. மும்பையில் நடந்த மறுவிசாரணையில் 2006-இல் 9 பேர் தண்டிக்கப்பட்டார்கள். பிறகு மேல்முறையீட்டில் ஐவர் விடுதலையானார்கள், நால்வர் தண்டனை நிலைத்தது. அப்படியிருக்க, நாட்டின் உச்ச நீதிமன்றமே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட ஒன்றைத்தான் டீக்கடையில் நிற்பவரும் சொல்கிறார்.

இதுவரை சொன்னதை வைத்து, எல்லோரையும் தண்டித்தால் போதும் என்று நான் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். அவநம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை நம்மைவிட நன்றாக அறிந்த மக்கள் இந்தியாவில் வேறெங்கும் இருப்பார்களா என்று தெரியவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. ஒருவர் விடாமல் 26 பேர். அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கையும் மூவருக்கு ஆயுளையும் வைத்தது. நால்வரில் ஒருவர் பேரறிவாளன். பாட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லும் அவருடைய வாக்குமூலம் அந்தத் தண்டனைக்கு முக்கிய ஆதாரம். எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சான்றாகச் செல்லும் என்றது தடா சட்டம். அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வாய் திறந்தார். பாட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று. கைதானபோது அவருக்கு வயது 19. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறை.

அரசுத் தரப்பு என்பது தண்டனை வாங்கித் தரும் தரப்பு என்று நீங்களும் நினைத்து, மக்களும் நினைத்தால் இதுதான் நடக்கும். காவல்துறை கட்டிக் கொடுத்த கட்டில் எதிரிக்குச் சாதகமான ஒரு தாள் இருந்தால், அதையும் எடுத்து நீதிமன்றத்தின் முன் வைக்கும் கடமை உங்களுடையது. மெத்தனமாக வாதாடும் வழக்கறிஞரும், எப்படியாவது தண்டனை வாங்கியே தீர வேண்டும் என்று நிற்கும் வழக்கறிஞரும் கடைசியில் செய்வது ஒரே வேலைதான். நீதிமன்றத்தில் உண்மை வெளிவராது என்ற எண்ணத்தை மக்கள் மனதில் ஆழ ஊன்றிவிடுகிறார்கள்.

நீதிபதிகளைப் பற்றி. இந்த மடல் உங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. என்றாலும் அவர்கள் மேல் உள்ள சந்தேகத்தின் ஒரு பகுதி உங்கள் வழியாகவே போகிறது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலபுலன் உள்ள பணக்காரர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அரை நூற்றாண்டு கடந்தும் தஞ்சை, நாகை வட்டாரத்தில் நீதிமன்றம் என்ற பேச்சை எடுத்தால் பெரியவர்கள் முதலில் சொல்வது அந்த வரியைத்தான். ஒரு தீர்ப்பின் ஒரு வாக்கியம் மூன்று தலைமுறையின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

உடுமலை சங்கர் வழக்கு வேறு வகை. 2016 மார்ச் 13, பட்டப்பகல், பேருந்து நிலையத்தருகே வெட்டு, அதுவும் சிசிடிவியில். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் இல்லை. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் சங்கரை மணந்த பெண்ணின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. சதி நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். கேமராவில் பதிவானது வெட்டியவர்களின் முகம். ஏவியவர் யார் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும், அந்தச் சான்றின் கண்ணிகளைத்தான் உயர் நீதிமன்றம் போதாது என்றது. அந்த முடிவோடு உடன்படாதவர்கள் நிறைய உண்டு, அரசே உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் விவாதிக்க வேண்டுமானால் முதலில் காரணம் புரிய வேண்டுமே. தீர்ப்போ ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. உடுமலையில் அன்று என்னிடம் கேட்டவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ‘வீடியோலயே இருக்கே, அப்புறம் எப்படி?’ அவர்களுக்குப் பதில் சொல்ல அரசுத் தரப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணமும் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள், ஊரையே சூறையாடினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைத் தூக்கிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போய், உயர் நீதிமன்றத்தின் வழியாக சி.பி.ஐ. விசாரணை வாங்கின. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். தீர்ப்பு வருமுன்பே 54 பேர் இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று சொன்னது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே போனார். மலைப்பாதையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், பெண்கள் சொன்னதைக் கேட்டார். செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளினார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள் என்பது வெட்கக்கேடு. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் மாறிச் சொல்லவில்லை. எழுத்தறிவில்லாத மலைவாழ் பெண்கள், சீருடைக்காரர்கள் நிரம்பிய நீதிமன்றத்தில் நின்று, இவன்தான் என்று கை நீட்டினார்கள். தனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்ற உறுதி மட்டும் இருந்துவிட்டால் சாட்சி எவ்வளவு பெரிய அதிகாரத்தின் முன்னாலும் நிற்பார் என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கிலும் அதையே பார்த்தோம். 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்ன வழக்கு அது. இனி ஒரு பெண்ணும் வாய் திறக்கமாட்டாள் என்று எல்லோரும் எண்ணினோம். ஆனால் விசாரணை மூடிய அறையில் நடந்தது, அதில் சாட்சிகளின் அடையாளம் கடைசிவரை காக்கப்பட்டது. சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது.

இதெல்லாம் ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பர் 6 காலையில், ஹைதராபாத் அருகே பெண் மருத்துவர் ஒருவரின் கொலையில் பிடிபட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, நீதிமன்றமே இல்லை. சுட்ட இடத்தில் நின்ற போலீஸார் மேல் மக்கள் பூ தூவினார்கள். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அன்று வாழ்த்துகள்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடே சுட்டார்கள் என்று அறிக்கை தந்தது. அந்தச் செய்திக்கு யாரும் பூ தூவவில்லை. நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை போன மக்கள் சும்மா இருந்துவிடமாட்டார்கள் என்பதை நான் அன்று கண்டேன். அவர்கள் துப்பாக்கியிடம் போவார்கள். எங்கள் ஊர் டீக்கடையிலும் ‘கோர்ட்டு கேஸுன்னு இழுக்காம அங்கேயே போட்டுட்டா’ என்ற பேச்சை இப்போது சாதாரணமாகக் கேட்க முடிகிறது. அப்படிச் சொல்பவர்களில் பலர் கூலிக்காரர்கள், சிறுபான்மையினர், ஒடுக்கப்பட்ட சாதியினர். துப்பாக்கி முதலில் யாரை நோக்கித் திரும்பும் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் அப்படிச் சொல்லும் அளவுக்கு உங்கள் மன்றம் அவர்களைக் களைக்க வைத்திருக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள். பெரிய சீர்திருத்தங்களை அரசிடம் கேட்கிறேன், உங்களிடம் கேட்பவை உங்கள் கையில் இருப்பவை. சாட்சி கூண்டேறும் நாளுக்கு முன்பே ஒரு முறை அவரைப் பாருங்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், அது சட்டமும் இல்லை. கூண்டு எங்கே இருக்கும், யார் என்ன கேட்பார்கள், பயந்தால் யாரிடம் சொல்லலாம் என்று சொன்னால் போதும். மிரட்டல் என்று அவர் சொன்னால் அன்றே சாட்சிப் பாதுகாப்புக்கு மனு போடுங்கள். பட்டியலில் உள்ள ஒரு சாட்சியை விட்டுவிட முடிவு செய்தால் ஏன் என்று பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் சொல்லுங்கள். ரகசியமாக விடப்படும் ஒவ்வொரு சாட்சியும் வெளியே ஒரு கதையாக வளரும். குடும்பம் தனியாக ஒரு வக்கீலை அமர்த்தி உங்களுக்கு உதவ வந்தால் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். சட்டம் அவருக்கு அந்த இடத்தைத் தந்திருக்கிறது. புலனாய்வில் ஓட்டை இருந்தால் குற்றப்பத்திரிகை போகும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லி மேலிருந்து கடிதம் வந்தால், அந்த முடிவு சட்டப்படி உங்களுடையது, அரசினுடையது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வேண்டாம் என்று எழுதுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, தீர்ப்பு நாள். தண்டனை கிடைத்தால் கேமராக்கள் உங்களைத் தேடி வருகின்றன, பேசுகிறீர்கள். விடுதலையானால் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறீர்கள். குடும்பம் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருக்கும். என்ன நடந்தது என்று பெஞ்ச் கிளார்க்கிடமும் செய்தியாளர்களிடமும் கேட்பார்கள். எங்களுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அன்று மாலைக்குள் அவர்களை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீதிபதி எந்தச் சாட்சியை நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று தமிழில் சொல்லுங்கள். உங்கள் பக்கம் என்ன தவறியது என்பதையும் சொல்லுங்கள். அரசு மேல்முறையீடு செய்யுமா என்று தெரிந்தால் சொல்லுங்கள். அரசு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யலாம் என்று 2009 முதல் சட்டத்தில் இருக்கிறது. தாழ்வாரத்தில் நிற்கும் பலருக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு செய்தியாளன்